இரண்டிலிருந்து எட்டு வரை

“ஜன்னலை யாரும் சாத்தாதீங்க. இந்தப் புகை கீழேயே தங்கும், மூச்சு முட்டும்,” என்று சொல்லிக்கொண்டே அப்பா இரண்டாவது தெர்மோகோல் பெட்டியின் ஒட்டுநாடாவைக் கத்தியால் கீறினார். கைகளில் முழங்கை வரை ஏறிய தடித்த கையுறை. மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழிந்து கட்டில் கால்களைச் சுற்றிக்கொண்டது. கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். உயிர் போய் நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

தம்பி விமானத்தில் வந்துகொண்டிருந்தான். மூன்று மணிக்கு முன்னால் வீடு வந்து சேர முடியாது. அதுவரை அம்மாவை வைத்திருக்க வேண்டும். குளிர்பெட்டி சொல்லியனுப்பலாமா என்று யாரோ கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்பா தன் ஆபீசுக்குப் போன் செய்தார். ஒரு மணி நேரத்தில் ஆபீஸ் வேன் வந்து நின்றது. டிரைவரும், எல்லோரும் பேக்கிங் அக்கா என்று கூப்பிடும் பெண்ணும் நாலு பெட்டி டிரை ஐஸ் இறக்கினார்கள்.

ஒவ்வொரு கட்டியையும் துண்டில் சுற்றி, எண்ணி வைத்ததுபோல இடைவெளி விட்டு, விலாவுக்கு இரண்டு பக்கமும், தோளுக்கு அடியிலும், வயிற்றை ஒட்டியும் வைத்தார் அப்பா. கை நடுங்கவில்லை. இருபத்தேழு வருடமாகச் செய்த வேலை. கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மகளுக்கு அந்த நடுங்காத கையைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

எதிர்வீட்டு அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “ஐஸ் உருகினா ரூமெல்லாம் தண்ணியாயிடுமே. பழைய துணி ஏதாவது கொண்டு வரட்டுமா?”

“இது உருகாது. அப்படியே காத்தாப் போயிடும். ஒரு சொட்டு ஈரம் இருக்காது.”

“தண்ணி விடாத ஐஸா? நல்லா இருக்கே உங்க ஆபீஸ் கதை,” என்றாள் அத்தை. சாவு வீடு என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் சமாதானம் ஆகாமல், ஒரு வாளியையும் துடைக்கும் துணியையும் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்துவிட்டுப் போனாள்.

பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. மகள் அதைப் படித்தாள். ‘ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர்களுக்கோ சிகிச்சைக்கோ அல்ல.’ அம்மாவின் காலடியில் அந்த எழுத்து. அதற்கு மேலே, இன்று காலை அப்பா போனில் கேட்டு எழுதி வாங்கிய அனுமதிச் சீட்டு. சாவுக்கு ஐஸ் எடுப்பதற்கும் சீட்டு வாங்கித்தான் எடுத்திருக்கிறார். இந்த ஒழுங்கில் ஒன்றும் குறைச்சல் இல்லை என்று அவள் பல்லைக் கடித்தாள்.

அப்பாவின் கம்பெனி ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் பொருள் அனுப்பும் கம்பெனி. ஒரு பக்கம் அமினோ அமிலங்களிலிருந்து செய்த பொடிகள், இன்னொரு பக்கம் ஆன்டிபாடிகள் என்னும் எதிர்ப்புரதங்கள். பொடி வெளியில் அலமாரியில் இருக்கும். ஆன்டிபாடி அப்படியில்லை. சுண்டுவிரல் அளவு பாட்டிலில் கண்ணீர் மாதிரி இருக்கும் அதை இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவிலேயே வைத்துக் காப்பாற்ற வேண்டும். உறைந்தாலும் கெட்டது, சூடானாலும் கெட்டது. அதற்கென்று இருந்த குளிர் அறையின் சாவி அப்பாவிடம் இருந்தது. ஆபீசில் அவருக்கு ‘ரெண்டெட்டு’ என்று பெயர். அம்மாவும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அம்மாவின் மார்பில் வந்த கட்டிக்கு ஒரு ஆன்டிபாடி மருந்து கேட்கும் என்று ஐந்து மாதத்துக்கு முன்னால் டாக்டர் சொன்னார். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்கு அது வந்து சேர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். மகள் அப்பாவின் கம்பெனி விலைப்பட்டியலைப் புரட்டியபோது அதே பெயர் இருந்தது. அதே பெயர், எழுத்துக்கு எழுத்து. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து அந்தப் பக்கத்தை அப்பா முன்னால் போட்டாள்.

“அது மனுஷங்களுக்கு இல்லம்மா,” என்றார் அவர். “செல்லுக்கும் எலிக்கும் போட்டுப் பாக்குறது. மருந்தைச் சுத்தம் பண்ற மாதிரி அதைச் சுத்தம் பண்ண மாட்டாங்க. நரம்புல ஏத்தினா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது.”

“எலிக்குக் குடுக்கிறதை அம்மாவுக்குக் குடுக்க மாட்டீங்களா?”

 அம்மா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அன்றைக்கே திரும்பிப் போனாள். மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்தது. இரண்டு முறை ஏற்றினார்கள். அதற்குள் நோய் ஈரலுக்குப் போயிருந்தது.

அந்த மூன்று மாதத்தை அவள் மன்னிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அப்பாவோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாள். கடைசி ஒரு மாதம், தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு இங்கேயே வந்து தங்கினாள். அப்போதும் எல்லாம் அம்மா வழியாகத்தான். ‘அம்மா, அவரைச் சாப்பிட வரச் சொல்லு.’ ‘என்னங்க, உங்களைச் சாப்பிடக் கூப்பிடுறா.’ சிரிப்பாய்ச் சிரிக்கும்படி இருந்தாலும் யாரும் சிரிக்கவில்லை. இன்று காலையிலிருந்து அதற்கும் நடுவில் ஆள் இல்லை.

தம்பியிடம் போனில் விடியற்காலையில் சொன்னாள். “அம்மா போயிட்டாங்கடா.” கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, அடக்கமாட்டாமல் அதையும் சொன்னாள். “அவர் மனசு வச்சு ஒரு பாட்டில் கொண்டு வந்திருந்தா இருந்திருப்பாங்க.”  தம்பி, “வந்து கேட்டுக்கிறேன்,” என்றான். கேட்கட்டும், நாலு பேர் முன்னால் கேட்கட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

பதினோரு மணிக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ போட அவள் சமையலறைக்குப் போனாள். பேக்கிங் அக்கா கூடவே வந்து டம்ளர்களைக் கழுவித் தந்தாள். ஐம்பது வயதிருக்கும், பேசாமல் இருக்கத் தெரியாத பெண். பால் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அட, நம்ம ஃபாரம்!”

ஃபிரிட்ஜ் கதவில் கிளிப்பில் ஒரு கத்தைத் தாள் தொங்கியது. தேதி, நேரம், டிகிரி, பார்த்தவர், எழுதியவர், குறிப்பு என்று ஆறு கட்டம். ஆபீஸ் படிவத்தை அப்படியே பார்த்து அப்பா கோடு போட்டது. காலை ஆறு, மாலை ஆறு. பாலும் காய்கறியும் இருக்கும் ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, ஒரே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பழைய தாளைக் கிழிக்கவும் கூடாது. ‘கல்யாணமாகி முப்பது வருஷத்துல என் டெம்பரேச்சரை ஒரு நாள் பார்த்திருப்பாரா?’ என்று அம்மா கேட்காத விருந்தாளி இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் கண்ணில் ஆபரேஷன் ஆன பிறகு அப்பாவுக்குத் தெர்மாமீட்டரின் மெல்லிய சிவப்புக் கோடு தெரியவில்லை. அம்மா பார்த்துச் சொல்வாள், அவர் எழுதுவார். அம்மா படுக்கையில் விழுந்த பிறகும் விடவில்லை. தெர்மாமீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு ஓடி வருவார். அம்மா ஒரு கண்ணைத் திறந்து, ‘நாலு. ஓடி வந்ததுல அஞ்சாகப் போகுது, சீக்கிரம் எழுதுங்க,’ என்பாள். மகள் அதையெல்லாம் இந்த ஒரு மாதம் வெறுப்போடு பார்த்திருந்தாள். செத்துக்கொண்டிருப்பவளைப் போய்ப் பாலின் சூட்டைக் கேட்கிறாரே என்று.

“கோல்டு ரூம் போனதுக்கப்புறமும் மனுஷன் இதை விடலையா,” என்றாள் அக்கா.

“கோல்டு ரூம் போனதுன்னா?”

அக்கா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

“என்ன தெரியும்?”

“அவர்கிட்டேர்ந்து சாவியை வாங்கிட்டாங்களே. அஞ்சு மாசமா எங்ககூடத்தான் இருக்காரு, பவுடர் செக்‌ஷன்ல. அமினோ அமிலப் பவுடரை நிறுத்து பாட்டில்ல அடைக்கிற வேலை. நேத்து சேர்ந்த பிள்ளைங்க செய்யற வேலை.”

“ஏன்?”

அக்கா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஒரு பாட்டில் எடுத்துட்டு வந்துட்டாரும்மா, வீட்டுக்கு. பதினோரு நாள் கழிச்சுத் திருப்பிக் கொண்டு வந்து வச்சாரு. யாரும் பார்க்கல. சத்தியமா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இவரே மேனேஜர்கிட்டப் போய் எழுதிக் குடுத்தாரு. ‘இது வெளிய போயிட்டு வந்த பாட்டில், யாருக்கும் அனுப்பிடாதீங்க, எங்கேயோ ஆராய்ச்சி பண்ற ஒரு பொண்ணு மூணு வருஷமா உசிரைக் குடுத்து வேலை செஞ்சுட்டிருப்பா, இதைப் போட்டா அவ சோதனை கெட்டுடும்’னு. நாங்கல்லாம் தலையில அடிச்சுக்கிட்டோம். கம்முன்னு இருந்திருக்கக் கூடாதா? அவர் யார் பேச்சைக் கேட்டிருக்காரு.”

பால் பொங்கி வழிந்தது. அக்காதான் அடுப்பை அணைத்தாள்.

அக்கா டீயைக் கொண்டு போனபின் மகள் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாள். மேல் தாளில் இன்றைய தேதிக்கு நேரே காலை ஆறு மணிக் கட்டம் காலியாக இருந்தது. கிளிப்பைத் தளர்த்திப் பழைய தாள்களைப் புரட்டினாள். ஐந்து மாதத்துக்கு முந்தைய தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் வரை நாளுக்கு இரண்டே வரி. செவ்வாய்க்கிழமை முதல் தாள் கறுத்துப்போயிருந்தது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி. பகலில் அம்மாவின் கையெழுத்து, மற்ற நேரத்தில் அப்பாவின் குச்சி எழுத்து. அப்பாவின் வரிகளில் குறிப்பு என்ற கட்டம் காலி. அம்மா அதையும் நிரப்பியிருந்தாள்.

‘4. பால் எடுக்கத் திறந்தேன். உடனே மூடிவிட்டேன்.’

‘5. கரண்ட் போய் வந்தது. பயந்துவிட்டேன்.’

‘4. தெரிந்த நர்ஸ் ஒருத்தியைக் கேட்டாராம். ஊசி போட மாட்டேன் என்றாளாம்.’

‘4. தானே போடப் பழகுகிறார். தலையணையில்.’

‘4. தலையணைக்கு உடம்பு தேவலை.’

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்திலிருந்து வந்தன. ஒரு கையால் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

‘4. ராத்திரி ஏழு தடவை எழுந்தார். ஃபிரிட்ஜைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.’

‘4. அந்த ஊசியைப் பிடிக்கும்போது மட்டும் கை நடுங்குகிறது. இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.’

பதினோராவது நாள் ஒரே வரிதான். அம்மா அழுத்தி எழுதியிருந்தாள், பேனா தாளைக் கீறியிருந்தது. ‘காலை 9. 4. எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். நான்தான் சொன்னேன். வியாதியில் போனால் வியாதியில் போனதாக இருக்கும். இதில் போனால் அவர் கொன்றதாக ஆகிவிடும். அதை அவர் தாங்கமாட்டார்.’ ‘நான்தான்’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு. பார்த்தவர் கட்டத்தில் அவள் கையெழுத்து. எழுதியவர் கட்டத்திலும் அவளே.

அவள் தாள்களை ஒழுங்காக அடுக்கித் திரும்பக் கிளிப்பில் மாட்டினாள். ஒரு மாதம் இந்தச் சமையலறையில் சமைத்திருக்கிறாள். ஒரு நாளைக்கு இருபது தடவை இந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறாள். முகத்தைக் கழுவிக்கொண்டு அறைக்கு வந்தபோது அப்பா கட்டிலருகே குனிந்து, ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்து, காற்றாகித் தேய்ந்துபோன கட்டிக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஐந்து மாதம் பேசாத வாயில் சட்டென்று வார்த்தை வரவில்லை. போய் அவர் பக்கத்தில் ஒரு டம்ளர் டீயை வைத்தாள். அது அங்கேயே ஆறிப்போனது.

மூன்றேகாலுக்குத் தம்பி வந்தான். பையை வாசலிலேயே போட்டுவிட்டு நேரே கட்டிலுக்கு வந்து, “அம்மா” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தான். அழுதுகொண்டே அம்மாவின் கையை எடுக்கப் போனபோது அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அங்க கையை வைக்காதே. டிரை ஐஸ். சுட்டுடும், தோல் உரிஞ்சிடும்.”

தம்பி கையை உதறினான். “விடுங்க.”

“துண்டுக்குள்ள இருக்குப்பா, தெரியாது. இந்தப் பக்கமா வா.”

“இப்ப மட்டும் பெட்டி பெட்டியாக் கொண்டு வரத் தெரியுதா?” அவன் எழுந்து நின்றான். குரல் தெரு வரை கேட்டது. “அப்ப ஒரே ஒரு பாட்டில் கொண்டு வரத் தெரியலையா உங்களுக்கு? செத்தப்புறம் ஐஸு! உசிரோட இருக்கிறப்ப ரூல்ஸு!”

 எதிர்வீட்டு அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. கதவருகே நின்ற பேக்கிங் அக்கா வாயைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்த்து வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினார். பிறகு மகனிடம், “கையைக் காட்டு. பட்டுச்சா?” என்றார்.

“கொண்டு வந்தாரு,” என்றாள் மகள்.

தம்பி திரும்பினான்.

“பாட்டிலைக் கொண்டு வந்தாருடா. பதினோரு நாள் இங்க இருந்துச்சு. வேண்டாம்னு சொன்னது அம்மா. நான்தான் உன்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன். தெரியாம சொல்லிட்டேன்.”

“என்னக்கா சொல்றே?”

“அவரைக் கேக்காதே. எல்லாம் எழுதி வச்சிருக்கு. அப்புறம் காட்டுறேன்.”

அப்பா அவளைப் பார்த்தார். எதை அவள் பார்த்திருக்கிறாள் என்று புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. “உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு உங்கம்மாதான் சொன்னா,” என்று மட்டும் சொன்னார். “தெரிஞ்சா நீ விட மாட்டியாம்.” அவர் சொன்னது சரிதான். தெரிந்திருந்தால் அவள் விட்டிருக்கவே மாட்டாள்.

தம்பி மறுபடி உட்கார்ந்தான். அப்பா துண்டுகளை ஒதுக்கி அம்மாவின் வலது கையை வெளியே எடுத்து, தன் கையுறையைக் கழற்றி அந்தக் கையைச் சற்று நேரம் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்திருந்து, பிறகு மகனிடம் கொடுத்தார். நாலரைக்கு மயானத்துக்கு வண்டி வந்தது.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது ஆறு மணிக்குக் கொஞ்சம் இருந்தது. தம்பி குளிக்கப் போனான். வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். கட்டிலில் விரிப்பு இல்லை. மகள் வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு தரையைத் துடைக்கக் குனிந்தாள். கட்டிலுக்கு அடியில் கையை நீட்டித் தடவிப் பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது. நாலு பெட்டி ஐஸ் இருந்த இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. துடைக்க ஒன்றும் இல்லாமல் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவசரக் காலடி. அப்பா தெர்மாமீட்டரை உயர்த்திப் பிடித்தபடி அறைக்குள் வந்தார். கட்டிலுக்கு இரண்டடி இந்தப் பக்கம் நின்றுவிட்டார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மற்றக் கையில் பேனா.

மகள் எழுந்து அவர் பக்கத்தில் போனாள். மணிக்கட்டைப் பிடித்துத் தெர்மாமீட்டரை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“நாலு,” என்றாள்.

அவர் காலிக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நாலு, அப்பா. எழுதுங்க.”

அவர் கை நடுங்க ஆரம்பித்தது. அவள் அந்தக் கையை விடவில்லை. சிவப்புக் கோடு ஐந்தைத் தாண்டி, எட்டைத் தாண்டி, மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.